கிருமிக்கு ஓய்வு நாள்

உப்பு மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் முதலில் நீலம் ஏறியது மேனேஜர் ஞானதுரையின் கையில்தான். அவர் அன்றைக்குச் செய்த கடும் உழைப்பு, கீழே இறங்கி வந்து ஒரு லாரி டிரைவரைத் திட்டிவிட்டுத் திரும்பத் தன் அறைக்கு மாடி ஏறியது. பாதிப் படியில் மூச்சு வாங்க நின்று கையைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே பட்டையாக ஒட்டியிருந்த பூச்சு, காலையில் தயிர் வெள்ளையாக இருந்தது, இப்போது துணிக்குப் போடும் சொட்டு நீலத்தின் நிறத்துக்கு வந்திருந்தது.

"டாக்டர் சார்! எனக்கு வந்துருச்சு சார்! எனக்குத்தான் முதல்ல!"

பரிசுச் சீட்டு விழுந்தவர் போலக் கத்தினார். சட்டப்படி நீலம் ஏறியவர் உட்கார வேண்டும். நிழலில், சம்பளத்தோடு, நிறம் வெளுக்கும்வரை. ஞானதுரை மின்விசிறிக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்தார். யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கீழே உப்பு மூட்டையைத் தலையில் வைத்து லாரிப் பலகையில் ஏறிக்கொண்டிருந்த லோடுமேன்கள் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்து நீலம் ஏறியது கணக்குப்பிள்ளைக்கு. அதற்கடுத்து, டாக்டர் கொம்பையாவுக்கு. இவன் செய்த உழைப்பு, அந்த இரண்டு பேரையும் பார்த்துப் பதறியது.

மூட்டை தூக்கிய ஒருவருக்கும் நிறம் மாறவில்லை.

பூச்சைக் கண்டுபிடித்தவனே கொம்பையாதான். ஊசி போடாத டாக்டர். பிறந்தது இதே தூத்துக்குடியில், இந்தக் கிட்டங்கிக்கு அடுத்த தெருவில், உப்பு மூட்டை சுமந்த ஒருவருக்கு மகனாக. சென்னையில் அவன் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையம் இதை ஒருநாளும் மறக்கவில்லை. மறந்துபோனவன் அவன்தான். பூச்சு வெளியான விழாவுக்கு, அவன் தலையில் சும்மாடு கட்டி மூட்டையோடு நிற்பதாக ஒரு படம் எடுத்து வாசலில் பெரிதாக வைத்தார்கள். மூட்டைக்குள் தெர்மாகோல். அதைத் தலைக்கு ஏற்றவும் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

வெயில் மனிதனைக் கொல்கிறது என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட காலம் அது. அடுத்தடுத்த கோடைகளில் சாலை போடுகிறவர்களும் செங்கல் அறுக்கிறவர்களும் நின்ற இடத்திலேயே விழுந்தார்கள். களைத்தவனை உட்கார வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. யார் களைத்தவன் என்பதை யார் சொல்வது? தொழிலாளி சொன்னால் முதலாளி நம்ப மாட்டார், முதலாளி சொல்லவே மாட்டார். இரண்டு பக்கமும் சேராத ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைத்தான் கொம்பையா தயாரித்துக் கொடுத்தான். நீலக் கை திட்டம் என்று பெயர் வைத்தார்கள். நீலக் கைச் சான்றிதழ் இருக்கிற கம்பெனியின் சரக்கைத்தான் வெளிநாட்டுக்காரன் வாங்குவான் என்று ஆனது. பல ஊர்களில் நடந்த சோதனை ஓட்டத்தில் தன் பங்குக்குத் தூத்துக்குடியின் இந்த உப்புக் கிட்டங்கியைக் கேட்டு வாங்கியவனும் அவன்தான். சொந்த ஊரில் ஒரு மாலை விழும் என்ற ஆசை.

கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் சப்பாணிமுத்து, கொம்பையாவின் அக்கா பட்டுராணியின் கணவர். மைத்துனன் டாக்டர் ஆனதிலிருந்து அவனை 'நீரு' போட்டுத்தான் பேசுவார். அது மரியாதையா நக்கலா என்று கொம்பையாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அன்று மதியம் சோற்று வாளியைத் திறந்தபடி சப்பாணிமுத்து கேட்டார். "இதுக்குள்ள என்னதான் இருக்கு மாப்ள?"

"கிருமி மச்சான்."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆல்பர்ட்டுக்குப் புரையேறியது. அவனும் லோடுமேன், வயதில் சின்னவன், வாய் பெரியது. "கிருமியவா தடவி விட்டிருக்கீய? சீக்கு வந்தா யாரு பாக்கது?"

"நல்ல கிருமிப்பா. தயிர்ல இருக்குமே, அது மாதிரி. அது ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு பெரிய சமையல் புத்தகம் இருக்குன்னு வச்சுக்க. எல்லாப் பக்கத்தையும் எப்பவும் தொறந்து வச்சிருக்காது. வெளிய நடக்கதுக்குத் தக்கன ஒரு பக்கத்தத் தொறக்கும், வேண்டாததை மூடும். சூடு கூடுனா ஒரு பக்கம். உப்பு கூடுனா ஒரு பக்கம். தீனி மாறுனா வேற பக்கம்."

"வெளிய நடக்கது அதுக்கு எப்பிடித் தெரியும்? எட்டிப் பாக்குமோ?" என்றார் சப்பாணிமுத்து.

"தோல்ல காவக்காரன் நிக்கான் மச்சான். வெளிய ஒரு ருசி வந்து தட்டுனா, உள்ள தகவல் சொல்லுவான். மனுசன் அளவுக்கு மீறிக் களைச்சா வேர்வைல சில ருசி வரும். அதைக் காவக்காரனுக்குப் பழக்கி விட்டேன். புத்தகத்துல நீலம்னு ஒரு பக்கத்தையும் சேத்துத் தச்சு விட்டேன். களைப்பு தட்டுனா நீலப் பக்கம் தொறக்கும். அவ்வளவுதான்."

"அப்ப எங்க வேர்வைல ருசி இல்லங்கீரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆல்பர்ட் விடவில்லை. "மேனேஜர் வேர்வை நெய்ப் பலகாரம் அண்ணே. நம்மளுது வெறும் உப்பு. கிட்டங்கி உப்புதான் சிந்திக் கிடக்குன்னு கிருமி பேசாம இருந்துருக்கும்."

"ஒட்டுன மொத நாள் அது நெறம் காட்டாதுப்பா, ஆளைப் பழகும். அடுத்த நாள்ல இருந்துதான் சோலி பாக்கும்."

"ஒட்டி ஒரு வாரமாச்சே வே," என்றார் சப்பாணிமுத்து.

கொம்பையாவிடம் அதற்கும் பதில் இருந்தது. படித்தவனிடம் எதற்குத்தான் பதில் இருக்காது? உழைத்து உழைத்து உரமேறிய உடம்பு, எங்கள் உடம்புக்குள் எவ்வளவு வெயிலும் இறங்காது என்று சொன்னான். சொல்லும்போது அவனுக்கே அது பிடித்துப்போனது. அதே வார்த்தையைச் சென்னைக்கு அனுப்பிய அறிக்கையிலும் போட்டான். ஒரு பத்திரிகைக்காரர் வந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று, மூன்றாம் முறையும் சொன்னான்.

அதைப் படித்தவர்களில் ஞானதுரையும் ஒருவர்.

அந்தக் கிட்டங்கியில் யாரும் எழுதிவைக்காத ஒரு வழக்கம் இருந்தது. கோடையில், நிழல் காலடிக்குள் சுருங்கிவிட்டால் மூட்டை இறங்கிவிடும். வெயில் சாய்ந்தபிறகுதான் அடுத்த மூட்டை. சண்டை போட்டு வாங்கியதா, பழைய முதலாளி ஒருவர் விட்டுப்போனதா என்று யாருக்கும் தெரியாது. உப்புக் குவியலின் கண்கூச்சத்தில் உச்சி நேரத்தில் பலகை ஏறினால் பலகை எது வானம் எது என்று தெரியாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஞானதுரை லோடுமேன்களைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். "டாக்டர் சாரே சொல்லிட்டாரு, உங்க ஒடம்பு உரமேறுன ஒடம்பு. கை வெள்ளையா இருக்கு, பொறவு எதுக்கு ஓய்வு? எனக்கு நீலம் வந்துச்சு, நான் உக்காந்தேன். ஒங்களுக்கு வரட்டும், தாராளமா உக்காருங்க. வராம உக்காந்தா அன்னைக்குக் கூலி கிடையாது. நான் சொல்லல, சயின்ஸ் சொல்லுது."

சயின்ஸ் அவருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றது. 'அது அப்படி இல்ல சார்' என்று ஆரம்பித்தது. எப்படி என்று அதற்கே தெரியாததால் நிறுத்திக்கொண்டது.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்குக் கொம்பையா போனபோது காபி வரவில்லை. பட்டுராணி மாவாட்டிக்கொண்டே பேசினாள், அவன் பக்கம் திரும்பாமல்.

"ஏல, நீ படிச்சு என்னத்தக் கிழிச்ச?"

"அக்கா, நான் வேணும்னு…"

"உச்சி வெயில்ல அவிய உக்காந்திருந்தாவ. ஒனக்குப் படிப்பு ஏறுனதுல அந்த உக்காரதும் போச்சு. நேத்து ராத்திரி முழுக்கக் கெண்டக்கால் இழுத்து இழுத்து வாரிக்கிட்டு கத்துதாவ. ஒண்ணுக்குப் போனா கடுங்காப்பி நெறத்துல போவுதாம். கேட்டா, 'கை வெள்ளையாத்தான இருக்கு'ங்காவ. நாலு பேருக்கு முன்னால, நீலம் இல்லாம உக்காந்தா திருட்டுத்தனமாம். எம் புருசன் செத்துப்போனா அந்தக் கிருமியா வந்து குடும்பம் நடத்தும்?"

உள்ளே பாயில் கிடந்த சப்பாணிமுத்து, "அவரை ஏன்டி ஏசுத? கிருமி செஞ்சதுக்கு அவரு என்ன செய்வாரு?" என்றார். கொம்பையாவுக்கு ஏச்சைவிட அதுதான் சுட்டது.

"நாளைக்கு ஒருநாள் போகாதீங்க மச்சான்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம மாப்ள. கிட்டங்கி லீவு."

"அப்ப நல்லதாப் போச்சு."

"ஆமா," என்று சிரித்தார் சப்பாணிமுத்து. எதற்குச் சிரித்தார் என்று கொம்பையா கேட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை உச்சி வெயிலில் சப்பாணிமுத்து பலகையிலிருந்து விழுந்தார். மூட்டை முதலில் விழுந்து கிழிந்தது. சிந்திய உப்பின் மேல் அவர் விழுந்தார். அதனால் தலை உடையவில்லை. கொம்பையா ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் உடம்பு அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லாக இருந்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. கண் மேலே செருகி இருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தான். பூச்சு உப்பைப் போலவே வெளுப்பாக இருந்தது. உப்பு எது, பூச்சு எது என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.

தூக்கி வண்டியில் ஏற்றும்போது ஞானதுரை கீழே வந்தார். முதலில் அவர் பார்த்ததும் கையைத்தான். "வெள்ளையா இருக்கே சார். குடிச்சிருப்பானோ?"

கொம்பையா அவரை அறைந்திருக்கலாம். பின்னால் பலமுறை அறைந்தான், மனசுக்குள். அந்த நேரத்தில் அவன் செய்தது, "வண்டிய எடுங்க" என்று கத்தியது மட்டும்தான். அவன் கை நீலமாகியிருந்தது. சட்டப்படி அவன் உட்கார வேண்டும்.

பெரியாஸ்பத்திரியில் சப்பாணிமுத்து பிழைத்தார். பாதிப் பிழைப்பு. சிறுநீரகம் நன்றாக அடிவாங்கியிருக்கிறது, இன்னொருமுறை இப்படி விழுந்தால் எழுப்ப முடியாது என்று அங்கிருந்த டாக்டர், ஊசி போடுகிற டாக்டர், சொன்னார். பட்டுராணி அழவில்லை. தம்பியைப் பார்க்கவும் இல்லை. அவன் வாங்கிக்கொடுத்த இளநீரை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

சப்பாணிமுத்து படுத்தே கிடந்தார், கையில் ட்ரிப் ஏற. வாழ்க்கையில் அப்படித் தொடர்ந்து கிடந்தது அதுதான் முதல் தடவை என்று அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் அவர் கக்கூசுக்குப் போக வேண்டும் என்றார். கொம்பையா ஒருபக்கம் தாங்கிக்கொண்டான். வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் நடை. போய்த் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது சப்பாணிமுத்து தன் கையைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"மாப்ள, இது என்ன வே?"

நீலம். அப்படி ஒரு நீலத்தைக் கொம்பையா சோதனைக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை.

"நூறு மூட்டைக்கு வராதது ஒரு கக்கூசு நடைக்கு வந்துருக்கு. ஒம்ம கிருமிக்குப் புத்தி சரியில்ல."

"மச்சான், நீங்க ஞாயித்துக்கெழம எங்க போனீங்க?"

"எங்க போவ? வெங்காய லாரிக்குத்தான். மார்க்கெட்ல ஞாயித்துக்கெழமதான எறக்குவான்."

"எல்லா ஞாயித்துக்கெழமையுமா?"

"லீவு அன்னைக்கு வேற எங்க போவாவ? கிட்டங்கில பாதிப் பேரு அங்கதான் நிப்போம். மீதிப் பேரு கருவாட்டு லாரி. ஒங்க அப்பாவே வெங்காய லாரிக்குத்தானவே போவாரு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் அவரு மடியில அழுகல் வெங்காயம் கட்டிட்டு வாரதுக்கு நீரும் ஒங்கக்காளும் வாசல்லயே நிப்பீய."

கொம்பையா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டான். கோளாறு புரிந்துவிட்டது. அதை வைத்தவனும் அவனே.

சென்னையில் முதல் பூச்சைக் கல்லூரி மாணவர்களின் கையில் ஒட்டிப் பார்த்தார்கள். மே மாதம். பஸ்ஸுக்கு நின்றாலே நீலம், கிரிக்கெட் ஆடினால் நீலம். நாள் முழுக்கக் கை நீலமாகவே இருந்தால் எந்த முதலாளி ஒப்புக்கொள்வான் என்று நிலையத்தில் முகம் சுளித்தார்கள். கொம்பையா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். நீலப் பக்கம் திறக்கும்போதே, அதற்கு அடுத்த வரியில் ஒரு பூட்டையும் எழுதி வைத்தான். களைப்பின் ருசி கொஞ்ச நேரம் வந்து போனால் நீலம் தெரியும். விடாமல் வந்துகொண்டே இருந்தால் பூட்டு மேல் பூட்டாகச் சேர்ந்து பக்கத்தை மூடிவிடும். இதுதான் இந்த ஆளின் வழக்கம் போலிருக்கிறது என்று கிருமி இருந்துவிடும். ஆளைப் பழகும் முதல் நாளிலேயே அப்படி நடந்தால் நீலம் ஒருமுறைகூடத் தெரியாது. ஒரு பகலும் ஒரு இரவும் அந்த ருசி அடியோடு நின்றால்தான் பூட்டு கரையும். வாரத்துக்கு ஒருநாள் எல்லோரும் ஓய்ந்துதானே இருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே?

அழுகல் வெங்காயம் தின்று வளர்ந்தவன் போட்ட கணக்கு இது. இந்தப் பூட்டுக்காக அவனுக்கு ஒரு பதக்கமும் கொடுத்திருந்தார்கள்.

"அப்ப வெள்ளைன்னா தெம்பா இருக்கான்னு அர்த்தம் இல்லயோ?" அவன் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சப்பாணிமுத்து மெதுவாகக் கேட்டார்.

"இல்ல மச்சான். வெள்ளைன்னா ஒண்ணு களைப்பே இல்ல. இல்லேன்னா களைப்பு விட்டதே இல்ல. ரெண்டுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது."

"கருவாட்டுக் கடையில இருக்கவனுக்கு நாத்தம் தெரியாத மாதிரி."

"அதே மாதிரிதான்."

"நல்ல கிருமி. மேஸ்திரி வேலைக்குப் போவலாம்."

மறுநாள் கொம்பையா சென்னைக்குப் போன் போட்டான். நிலையத்தின் தலைவர் அம்மா பொறுமையாகக் கேட்டார். பூட்டை எடுத்துவிட்டுப் புதுக் கிருமி செய்து, மறுபடி அனுமதி வாங்கி, மறுபடி சோதனை ஓட்டம் போக எத்தனை கோடை ஆகும் என்று அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"கொம்பையா, 'குறை'னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா திட்டத்தையே மூடிடுவாங்க. வெயில் சட்டமும் கூடவே போயிடும். அப்புறம் உங்க ஆளுங்களுக்கு வெள்ளைக் கையும் இல்ல, நீலக் கையும் இல்ல."

"மேடம், ஒரு ஆள் சாகப் பாத்தார்."

"நான் மறைக்கச் சொல்லலையே. பூட்டு கரையறதுக்கு ஒரு நாள் ஓய்வு வேணும். அது உண்மைதானே? அதைக் குறைன்னு ஏன் சொல்றீங்க? பராமரிப்புன்னு சொல்லுங்க. எல்லா ஊருக்கும் அப்படியே அனுப்பிடலாம்."

கொம்பையா போனை வைத்தான். அந்த அம்மா தன் பதவியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அதைச் சொன்னார். ஆனால் அதற்குள் ஒரு வழி இருப்பது தெரிந்ததும் அவன் வெட்கப்பட்டான். பிறகு வெட்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனான்.

"சார், ஒரு கெட்ட செய்தி," என்று ஞானதுரைக்கு எதிரில் உட்கார்ந்தான். "கிருமிகள் களைச்சுப் போச்சு."

ஞானதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "கிருமி களைச்சுருச்சா? என்ன சார் சொல்லுதீய?"

"ஓய்வே இல்லாம வேலை பாத்ததுல முடங்கிருச்சு. இப்படியே விட்டா செத்துப்போகும். செத்தா உங்க சான்றிதழும் போயிரும்."

"ஐயையோ. உடனே ஓய்வு குடுங்க சார்! பாவம், வாயில்லா ஜீவன். கழட்டி எங்க ஃப்ரிட்ஜில வச்சிரலாமா?"

"கழட்டக் கூடாது. மனுசத் தோல்லதான் அது உயிரோட இருக்கும். அந்தத் தோலும் வேர்க்காம ஓஞ்சு இருக்கணும். வாரா வாரம் ஞாயித்துக்கெழம, பகலும் ராத்திரியும்."

"ஞாயித்துக்கெழம லீவுதான சார் குடுக்கோம்?"

"லீவு குடுக்கீங்க. அவங்க வெங்காய லாரிக்குப் போறாங்க. அங்க போய்க் கிருமிக்கு வேர்க்குது."

ஞானதுரையின் முகம் சிவந்தது. "என் கிருமிய வச்சுக்கிட்டு எவனோ ஒருத்தன் லாரிக்குப் போறானுவளா?"

"போகாம இருக்கணும்னா அன்னைக்கும் கூலி குடுக்கணும் சார். அப்புறம், உச்சி வெயில் கிருமிக்கு ஆகாது. அந்த நேரத்துல முன்ன மாதிரி நிறுத்திருங்க."

மனிதனுக்குக் கேட்டிருந்தால் ஞானதுரை சிரித்திருப்பார். கிருமிக்குக் கேட்டதால் மேலிடத்துக்குப் போன் போட்டார். மேலிடம் எவ்வளவு செலவு என்று கேட்டது, சான்றிதழ் என்றதும் சரி என்றது. போனை வைத்துவிட்டு ஞானதுரை கவலையோடு கேட்டார். "ஒரு நாள் போதுமா சார்? கிருமி சுத்தமாத் தெளிஞ்சிருமா?"

"தெளிஞ்சிரும் சார்," என்றான் கொம்பையா. இத்தனை வருடப் படிப்பில் அவன் இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு உண்மையாக, இவ்வளவு கேவலமாகப் பேசியதில்லை. அவனுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அதுதான் கேவலத்தின் உச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோடுமேன்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை வெள்ளையோ கறுப்போ, பகல் முழுக்கச் சும்மா கிடப்பது அவர்களுக்கு நோய் வந்தால் நடக்கிற விஷயம். ஆல்பர்ட் காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு வெங்காய மார்க்கெட் முனைவரைக்கும் போய்விட்டு, அங்கே ஞானதுரை அனுப்பிய ஆள் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். "கிருமியக் காவக் காக்க ஆள் போட்டிருக்கான் அண்ணே. எங்கப்பன் எனக்கு இப்பிடிக் காவல் போட்டதில்ல."

திங்கட்கிழமை விடிந்ததும் மூட்டை ஏறத் தொடங்கியது. லாரி பாதி நிரம்பவில்லை. ஆல்பர்ட் கை நீலம். அவன் பின்னால் வந்தவன் கை நீலம். பலகையில் நின்றவன், அடுக்கிய அட்டியிலிருந்து மூட்டை தூக்கிக் கொடுத்தவன், எல்லோர் கையும் சொட்டு நீலத்தில் முக்கி எடுத்ததுபோல் ஆனது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் முதலில் உட்காரவில்லை. கூச்சம். பிறகு ஆல்பர்ட், கல்யாணப் பந்தியில் உட்காருகிறவன் மாதிரி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தான். மற்றவர்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ஞானதுரை மேலேயிருந்து பார்த்துவிட்டு இறங்கி ஓடிவந்தார். "சார், மொத்தமா ரிப்பேர் ஆயிருச்சு!"

"இல்ல சார். ரிப்பேர் இப்பத்தான் சரியாயிருக்கு."

அதற்குப் பிறகு கிட்டங்கியில் வேலை நேரம் மாறியது. ஏற்றுவதற்கு ஆட்களும் கூடினார்கள். கம்பெனி அழுதுகொண்டே செய்தது. மற்ற ஊர்களுக்கும் 'பராமரிப்பு' போனது. செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் கிருமிக்கு வார ஓய்வு விட்டார்கள். அங்கே அதை முதலில் கேட்டவர்கள் அடி வாங்கியிருந்தார்கள் என்று கொம்பையா கேள்விப்பட்டான். கிருமி கேட்டபோது யாரும் அடிக்கவில்லை.

சப்பாணிமுத்து மூட்டை தூக்கப் போகவில்லை. சாக்குத் தைக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். வேலைக்கு வந்தால் போதும், விழாமல் இருந்தால் போதும் என்று பட்டுராணி சாமிக்கு நேர்ந்துகொண்டாள். தம்பியோடு பேச்சும் திரும்ப வந்தது. ஏச்சாகத்தான் வந்தது.

"ஒங்கிருமிக்கு நீ லீவு விட்டதுல எனக்குச் சோலி ரெட்டிப்புல. ஞாயித்துக்கெழமன்னா நாலு தடியனுவ இங்கனயே வந்து கெடக்கானுவ. எவன் எப்ப காப்பி கேப்பான்னு தெரியல."

அவர்கள் வீடு கிட்டங்கிக்குப் பக்கம். ஆல்பர்ட்டும் இன்னும் சிலரும் ஓய்வு நாளைக் கழிக்க அங்கேதான் வருவார்கள். கிருமியின் உடல்நலம் கருதி யாரும் ஒரு செம்பைக்கூட நகர்த்துவதில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பட்டுராணி அவனிடம் கையை நீட்டினாள். "எனக்கும் ஒண்ணு ஒட்டி விடுல. எனக்கு எவ்வளவு நீலம் வருதுன்னு இந்த மனுசன் பாக்கட்டும்."

பையில் ஒன்று இருந்தது. ஒட்டிவிட்டான்.

அது ஆளைப் பழகிக்கொள்ள அடுத்த நாள் முழுதும் கொடுத்து, திங்கள், செவ்வாய் என்று வாரம் ஓடி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொம்பையா வந்தபோது, பட்டுராணி விடியுமுன்னே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து முடித்து, துணி அலசிக் காயப்போட்டு, மாவாட்டி, தடியன்களுக்கு இட்லி ஊற்றி முடித்து, மத்தியானத்துக்கு மீன் உரசிக்கொண்டிருந்தாள். செதில் ஒட்டிய கையை அவனுக்கு முன்னால் நீட்டினாள்.

"பாருல. வாரம் பூராப் பாத்துட்டேன். ஒரு பொட்டு நீலம் இல்ல. நான்தான் சும்மா பொலம்பிருக்கேன். எனக்கு ஒண்ணுமில்லல, நான் நல்லாத்தான் இருக்கேன்." அவள் முகத்தில் ஒரு நிம்மதி. ஒரு பெருமைகூட. "பால் மாதிரி இருக்கு பாரு."

கொம்பையா பார்த்தான். அவனிடம் எதற்கும் பதில் இருக்கும், இதற்கும் இருந்தது.

பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்த சப்பாணிமுத்துவும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையிலிருந்து விழுவதற்கு முந்தின நாள் தன் கை எப்படி இருந்ததோ அதையே பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். ஏதோ தமாஷாகச் சொல்ல வாயெடுத்த ஆல்பர்ட்டை முழங்கையால் இடித்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு, அவள் உரசிக்கொண்டிருந்த மீன் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஏ, விடும். ஒமக்கு ஆவாது. என்ன செய்யுதீரு?"

"நீ போய்ப் படு. நாளைக்குக் காலையில வரைக்கும் எந்திரிக்கக் கூடாது." சட்டியை வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினார். அங்கும் இங்கும் தேடினார். அந்த வீட்டில் அவர் குடியிருந்த இத்தனை காலத்தில் தேடாத ஒரு சாமானைத் தேடினார். "இந்த அடுப்பு பத்த வைக்கதுக்கு லைட்டரு எங்கட்டி வச்சிருக்க?"

"ஒமக்கு எதுக்கு அது?"

"எனக்கு இல்லட்டி," என்றார் சப்பாணிமுத்து. "கிருமிக்கு."